மடம் என்று பெயர் கொண்ட ஊரில் ஓர் அறை

22 ஜூலை 2025, செவ்வாய் – ராமேஸ்வரம்

இரவு பதினொன்றரை ஆகிறது. ஒரு சத்திரத்துக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் அம்மா தூங்குகிறார். சுற்றிலும் அறுபது பெண்களாவது இருப்பார்கள். தெலுங்கு, இந்தி, மராத்தி எல்லாம் காதில் விழுகின்றன. மின்விசிறிச் சத்தத்தையும் மீறி வெளியே ஆடிக் காற்று ஊளையிடுகிறது.

நாளை மறுநாள் ஆடி அமாவாசை. அப்பா இறந்தபின் வருகிற முதல் ஆடி. தம்பி துபாயில் இருக்கிறான், விடுப்பு கிடைக்கவில்லை. திதியைச் சித்தப்பா மகன் பவானி கூடுதுறையில் கொடுக்கிறான். ஆனாலும் அக்னி தீர்த்தத்தில் ஒரு முழுக்குப் போட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அதனால் சத்தியமங்கலத்திலிருந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் கிளம்பினோம்.

பாம்பனில் பஸ் பாலத்தில் ஏறியதும் அம்மா சின்னப் பிள்ளைபோல் சன்னலோரம் ஒட்டிக்கொண்டார். கடலுக்குள் இரண்டு ரயில் பாலங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று 1914-இல் கட்டியது, இப்போது ரயில் போவதில்லை. மற்றொன்று இந்த ஏப்ரலில் திறந்தது. அதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே தூக்கிக்கொள்ளுமாம், கீழே கப்பல் போகுமாம். “உங்கப்பன் இதப் பாக்காமப் போயிட்டாரே” என்றார் அம்மா. அந்த ஒரு வாக்கியத்தோடு அமைதியாகிவிட்டார்.

கைபேசி வழியாக ஒரு விடுதியில் அறை பதிவு செய்திருந்தேன். ஒரு நாளைக்கு 1,400 ரூபாய், மூன்று இரவுகள். பாதிப் பணமும் கட்டியாயிற்று. விடுதிக்குப் போனால் வரவேற்பு மேசையில் இருந்தவர் என் கைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “இது அமாவாசைக்குச் செல்லாதுங்க மேடம். ரூம் வேணும்னா நாலாயிரத்தி ஐந்நூறு, வரி தனி.” 12 சதவீத வரி சேர்த்தால் 5,040. ஒரு இரவுக்கு! உறுதிச் செய்தியைக் காட்டினேன். அது அந்தக் கம்பெனிக்கும் உங்களுக்கும் உள்ள விஷயம் என்றார். உதவி எண்ணில் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டதுதான் மிச்சம், பணம் ஏழு நாளில் திரும்ப வருமாம். அறை இல்லை என்பதைவிட, 67 வயது அம்மா பையோடு நிற்பதைப் பார்த்தும் ‘உட்காருங்க’ என்று ஒரு வார்த்தை வரவில்லையே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அப்புறம் தெருத் தெருவாக அலைந்தோம். இரண்டு விடுதிகளில் அறையே இல்லை. ஒன்றில் 3,800. அடுத்ததில் இளைஞர் ஒருவர் நாங்கள் வாய் திறக்கும் முன்பே, “ஜென்ட்ஸ் யாரும் வரலையா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “லேடீஸ் மட்டும்னா நாங்க ரூம் தர்றதில்லைங்க.” ஆதார் அட்டை இருக்கிறது, முழுப் பணமும் இப்போதே தருகிறேன் என்றேன். முதலாளி சொன்ன ரூல்ஸ் என்றார். புருஷனை இழந்து, அவருக்காகவே வந்திருக்கிற ஒரு பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது? அந்தப் பையனைக் குறை சொல்லவில்லை. அந்த விதியை எழுதியவர் யாரோ, அவர் ஒருநாள் இந்தப் படியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மேலக் கோபுரத்துக்கு எதிரே ஒரு கடைப் படியில் அம்மா உட்கார்ந்துவிட்டார். முழங்கால் வீங்கியிருந்தது. பூக்கட்டிக்கொண்டிருந்த அக்கா எதுவும் கேட்காமலே தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். “லாட்ஜுல அலையாதீக. சத்திரத்துல கேட்டுப் பாருங்க தாயி” என்றார். ராமேஸ்வரத்தில் சத்திரங்களுக்குக் குறைவில்லை. ஆனால் பெரியவை பலவும் அந்தந்தச் சமூகத்தாருக்கோ, அந்தந்த மாநிலத்தாருக்கோ உரியவை. நான்காவதாக ஏறிய சத்திரத்தில் கணக்கெழுதும் பெரியவர் அறை எல்லாம் நிரம்பிவிட்டது என்று சொல்லிவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அம்மாவைப் பார்த்தார். “ஆத்தாவுக்குக் கீழ உக்காந்து எந்திரிக்க முடியுமா?” முடியாது என்றேன். “பொம்பளைக கூடத்துல ஒரு பெஞ்சு போடச் சொல்றேன். தலைக்கு நூறு ரூபா. ஆனா நாளைக்குப் பத்து மணிக்கு ஒரு குரூப் வருது, ஒழிச்சுத் தந்துரணும்.”

மனசு நிறைந்துபோனது. கீழே தெருவில் நான்கு இட்லி 50 ரூபாய், சாம்பார் தண்ணீர்தான், ஆனால் சூடு. சற்றுமுன் ஒரு தெலுங்குப் பாட்டி தன் பையிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்து அம்மாவின் முழங்காலில் தேய்த்துவிட்டார். இருவருக்கும் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. அரைமணி நேரம் பேசினார்கள்.

23 ஜூலை, புதன் – தங்கச்சிமடம்

காலையில் பையோடு வெளியே வந்ததும் ஆட்டோக்காரர் ஒருவர் நிறுத்தினார். அறை தேடுகிறோம் என்றதும் தலையை ஆட்டினார். “இன்னைக்கு நாளைக்கு ஊருக்குள்ள கெடைக்காதுக்கா. ரயில் திரும்ப வந்ததுலருந்து கூட்டம் ஜாஸ்தி. பஸ் ஏறித் தங்கச்சிமடம் போங்க, வீட்டு மாடியில ரூம் விடுவாக. என் ஆட்டோவுல வந்தா முந்நூறு, பஸ்ஸுல போனா ரெண்டு டீக் காசு. பஸ்ஸுலயே போங்க.” சவாரியை விட்டுக்கொடுத்து வழி சொல்கிற ஆட்டோக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை.

தங்கச்சிமடம் ராமேஸ்வரத்துக்கு முன்னால், அதே தீவில், பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மீனவர் ஊர். மாதா கோயில் மணி, வலை பின்னும் திண்ணைகள், தென்னை. இறங்கிய இடத்தில் ஒரு மளிகைக் கடையில் கேட்டோம். கடைக்காரர் கல்லாவை மகளிடம் விட்டுவிட்டு இரண்டு தெரு கூடவே நடந்து வந்து ஒரு வீட்டு வாசலில் எங்களை ஒப்படைத்தார்.

அந்த வீட்டு அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் ஜெபமாலை. அவர் கேட்ட முதல் கேள்வி: “சாப்பிட்டீகளா?” இரண்டாவது: “ஆத்தாவுக்குப் படி ஏற முடியுமா? முடியாட்டி நாங்க மேல போயிக்கிறோம், நீங்க கீழ படுங்க.” கூட யார் வந்திருக்கிறார்கள், ஏன் ஆண் துணை இல்லை, எதுவுமே கேட்கவில்லை. ஆதார் அட்டையை நானே நீட்டினேன். வாங்கிப் பார்த்து, “சத்தியமங்கலமா? ரொம்பத் தொலவு” என்று திருப்பித் தந்தார். வாடகை ஒரு நாளைக்கு 600 ரூபாய், அமாவாசைக்கும் அதேதான். மாடியில் ஒரே அறை, இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி, வாளிக் குளியல். கழிப்பறை பளிச்சென்று இருந்தது. அதை முதலில் பார்த்துவிட்டுத்தான் பையை வைத்தேன்.

மதியம் அவர் கொண்டுவந்த சோற்றில் மீன் இல்லை. முருங்கைக்காய்க் குழம்பும் அவரைக்காயும். “நாளைக்கு உங்களுக்கு விரத நாளு. இன்னைக்கே புதுச்சட்டியில ஆக்கிட்டேன்” என்றார். இந்துக்கள் விரதத்துக்கு முந்தின நாள் என்று ஒரு கிறிஸ்தவ வீடு, அதுவும் கடற்கரை வீடு, மீனை ஒதுக்கிவைத்திருக்கிறது. சோற்றுக்குக் காசு எவ்வளவு என்று கேட்டதற்குக் கோபித்துக்கொண்டார்.

குடத்தில் குடிநீர் எடுத்துவந்தபோது எந்தத் தண்ணீர் என்று அம்மா விசாரித்தார். காவிரிக் கூட்டுக் குடிநீர், திருச்சிப் பக்கமிருந்து குழாயில் வருகிறது, தினமும் வராது, வருகிற அன்றைக்குப் பிடித்துவைக்க வேண்டும் என்றார் வீட்டம்மா. அம்மா ஒரு டம்ளர் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “நம்ம பவானித் தண்ணியும் இதுக்குள்ள இருக்குமாட்ட கண்ணு.” உண்மைதான். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிற பவானி, கூடுதுறையில் காவிரியோடு சேர்ந்துதானே திருச்சிக்குப் போகிறது.

சாயங்காலம் மொட்டைமாடியில் துணி காயப்போடப் போனோம். காற்று துணியைப் பிடுங்குகிறது. கச்சான் காற்று, ஆடி முடியும்வரை இப்படித்தான் என்றார் வீட்டம்மா. அங்கிருந்து பார்த்தால் பின்பக்கத் தோட்டங்களில் வரிசை வரிசையாக மல்லிகைப் பதியன். மணலில் அடர்ந்து நிற்கிறது. அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

சத்தியமங்கலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் மல்லி வைக்கிறவர்கள் ‘ராமேஸ்வரம் நாத்து’ என்றுதான் கேட்டு வாங்குவார்கள். அது இந்தத் தங்கச்சிமடத்து மணலில் வேர்விட்டு வருவதுதான். 1998-இல் அப்பாவும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் மூன்று பேரும் லாரி பிடித்து வந்து நாற்று ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த மல்லியில்தான் நானும் தம்பியும் படித்தோம்.

“ரெண்டு ராத்திரி எங்கீங்க தூங்குனீங்கன்னு கேட்டேன். மடத்துலன்னாரு” என்றார் அம்மா. “ஏதோ சாமியார் மடம்னு இத்தன வருசமா நெனச்சிட்டிருந்தேன் கண்ணு.”

வீட்டம்மா சிரிக்கவில்லை. “சரியாத்தான் சொல்லிருக்காரு ஆத்தா. நாத்துத் தோட்டத்துத் திண்ணையில படுக்கச் சொல்லுவாக, அப்பல்லாம் அதுதான் வழக்கம்” என்றார். பிறகு ஊர்ப் பெயரின் கதையைச் சொன்னார். சேதுபதி ராஜா வீட்டு அக்கா தங்கச்சி இரண்டு பேர் பெயரில், சேதுவுக்குப் போகிறவர்கள் தங்குவதற்கு இரண்டு மடம் இருந்ததாம். பாம்பனுக்கும் இந்த ஊருக்கும் நடுவில் அக்காள்மடம், அடுத்தது தங்கச்சிமடம். எனக்கு உடனே நேற்றைய பஸ் வழி ஞாபகம் வந்தது. பரமக்குடி தாண்டியதும் சத்திரக்குடி. பாலத்துக்கு முன்னால் மண்டபம். பாலம் தாண்டினால் அக்காள்மடம், தங்கச்சிமடம். இந்தச் சாலையில் ஊர்ப் பெயர்களே தங்க இடம் தருகிறவையாக இருக்கின்றன! நடந்து வருகிறவர்களுக்குச் சேதுபதிகள் வழிநெடுகச் சத்திரம் கட்டி வைத்தார்கள் என்று பள்ளியில் பிள்ளைகளுக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தப் பாடம் நேற்று எனக்கே எட்டாமல் போயிற்று. கோயிலுக்கு எத்தனை மீட்டர் பக்கம் என்றுதானே கைபேசியில் தேடினேன்.

24 ஜூலை, வியாழன் – ஆடி அமாவாசை

மூன்று மணிக்கே எழுந்தோம். வீட்டம்மாவின் மகன் பைக்கில் போய் எங்களுக்காக ஒரு ஆட்டோ அழைத்துவந்திருந்தான். ஊர் எல்லையிலேயே போலீசார் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். மீதித் தூரம் நடை. இருட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே திசையில் நடந்துகொண்டிருந்தார்கள், பேச்சே இல்லை, செருப்புச் சத்தம் மட்டும். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று நடந்தார்.

அக்னி தீர்த்தம் கடல்தான், ஆனால் குளம் மாதிரிக் கிடந்தது. தீவின் தென்பக்கம் ஆடிக் காற்றில் கொந்தளிக்கும்போது இந்தப் பக்கம் இப்படி அடங்கியிருப்பது ஆச்சரியம். அம்மா மூன்று முறை முழுகினார். மூன்றாவது முழுக்கில் சற்று நேரம் தலை மேலே வரவில்லை, எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. எழுந்தபோது முகம் முழுக்க உப்புத் தண்ணீர். அழுகையா கடலா என்று நான் கேட்கவில்லை.

கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும். கட்டணம் 25 ரூபாய்தான். வெளியே ஒருவர் 500 கொடுத்தால் வரிசை இல்லாமல் கூட்டிப்போகிறேன் என்றார், வேண்டாம் என்றோம். இரண்டரை மணி நேர வரிசை. ஒவ்வொரு கிணற்றின் மேலும் ஒருவர் நின்று வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுகிறார். ஒரு கிணறு குளிர்ச்சி, அடுத்தது வெதுவெதுப்பு, சுவையும் வேறு வேறு. கருங்கல் தரை வழுக்குகிறது. வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் கையை விடக் கூடாது. எங்களுக்கு முன்னால் போன ஒரு தாத்தா விழுந்தே விட்டார், நல்லவேளை அடியில்லை.

அறை பக்கத்தில் இல்லாத கஷ்டம் அப்போதுதான் தெரிந்தது. ஈரத் துணியோடு சன்னதிக்குப் போக முடியாது, மாற்றிக்கொள்ள வேண்டும். உடைமாற்றும் இடத்தில் பெண்கள் கூட்டம் நெருக்கியடித்தது. வெளியே ஒரு வீட்டில் தலைக்கு 30 ரூபாய் வாங்கிக்கொண்டு ஓர் அறையைத் திறந்துவிட்டார்கள். நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவிக்கொள்ளவும் முடிந்தது. ஆக, தூரத்தில் தங்குகிறவர்கள் ஒரு பையில் மாற்றுத் துணியும் துண்டும் பாலித்தீன் உறையும் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். விலையுயர்ந்த பொருள் எதுவும் வேண்டாம்.

தரிசனம் ஒரு நிமிடம்கூட இல்லை. அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. மூன்றாம் பிராகாரத்தில் 1,212 தூண் என்பார்கள். அந்தத் தூண் வரிசையில் ஓரமாக உட்காரவைத்து வாழைப்பழம் கொடுத்தேன். “இனி அவர் போயிட்டு வரட்டும்” என்றார்.

மதியம் திரும்பி வந்து மாலை வரை தூங்கினோம்.

25 ஜூலை, வெள்ளி – தனுஷ்கோடி

அம்மா படுத்திருக்கட்டும் என்று நான் மட்டும் போவதாக இருந்தேன். வீட்டம்மா கேட்கவில்லை. “ஆத்தாவும் பாக்கணும், நானும் வர்றேன். எங்க அம்மா பொறந்த ஊரு” என்று சேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அரிச்சல்முனை வரை பஸ் போகிறது. சாலைக்கு ஒரு பக்கம் பெண்கடல், அசைவே இல்லை. மறுபக்கம் ஆண்கடல், அலை கல்லில் மோதிச் சாலைக்கே தெறிக்கிறது. மணல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. முனையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை.

திரும்பும் வழியில் இடிந்த மாதா கோயிலுக்குப் பக்கத்தில் இறங்கினோம். 1964 டிசம்பர் 22 இரவில் வந்த புயலில் ஊரும் ரயிலும் போயின. வீட்டம்மாவின் தாய்க்கு அப்போது பதினோரு வயது. உயர்ந்த மணல்மேட்டில் மூன்று நாள் இருந்தார்களாம். பிறகு தங்கச்சிமடத்தில் யாரோ ஒரு வீட்டுத் திண்ணையில் எட்டு மாதம். “எட்டு மாசம், வாடகைன்னு ஒத்தப் பைசா கேக்கல அந்த வீட்டுல” என்று சொல்லிவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த பவளக்கல்லைக் கையால் தடவினார். ஓலைக் கொட்டகைக்குப் பக்கத்தில் மணலைத் தோண்டிய ஒரு சின்ன ஊற்று. இரண்டு பக்கமும் கடல் இருக்க, அதில் ஊறுவது நல்ல தண்ணீர். அள்ளிக் குடித்தோம்.

அந்தக் கொட்டகையில் வறுத்த மீன் ஒன்று 120 ரூபாய். அமாவாசை முடிந்துவிட்டதால் அம்மாவும் சாப்பிட்டார். ராமநாதபுரத்துக் குண்டு மிளகாய் அரைத்துப் பூசியிருந்தார்கள், கண்ணில் தண்ணீர் வந்தது.

26 ஜூலை, சனி – திரும்பும் வழி

விடியற்காலையில் அம்மா நாற்றுத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றார். ஐம்பது பதியன், ஒன்று ஆறு ரூபாய். தோட்டக்காரர் பெரியவர். 1998-இல் சத்தியமங்கலத்திலிருந்து லாரியில் வந்தவர்களை நினைவிருக்கிறதா என்று அம்மா கேட்டார். “வருசத்துக்கு எத்தனையோ லாரி வரும்மா” என்றார் அவர், வருத்தமாக. ஈரச் சாக்கில் வேரைச் சுற்றிக் கட்டிக் கொடுத்து, ஐந்து நாற்றுக் கூடுதலாக வைத்தார்.

மூன்று நாளுக்கு 1,800 ரூபாய். இரண்டாயிரம் கொடுத்தேன், மீதி இருநூறை அம்மாவின் கையில் திணித்துவிட்டார் வீட்டம்மா.

ராமநாதபுரத்தில் பஸ் மாறும்போது நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு விடுதிகளில் வெறுமனே விசாரித்தேன். 650, 700. அமாவாசை அன்றும் அதே விலைதான், அறையும் இருந்ததாம். ராமேஸ்வரத்துக்கு அங்கிருந்து விடிய விடிய பஸ் ஓடுகிறது. நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு அதுவும் நல்ல வழி. இரண்டு பெண்கள் வந்தால் தருவீர்களா என்று கேட்டேன். ஒருவர் யோசித்தார், இன்னொருவர் “ஏன் தரமாட்டோம்?” என்றார்.

பஸ் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் கைபேசி அடித்தது. வீட்டம்மா.

“நாத்து வாடாம இருக்கா? சாக்குல தண்ணி தெளிச்சீகளா?”

தெளித்தோம் என்றேன்.

“தை அமாவாசை ஜனவரி பதினெட்டு, ஞாயித்துக்கெழமை. இப்பவே ஒருத்தர் ரூம் கேக்காக. உங்களுக்குன்னு வச்சிரவா?”

அம்மாவைப் பார்த்தேன். காதில் விழுந்திருந்தது. “தம்பியும் லீவுல வந்துருவான். மூணு பேருன்னு சொல்லு கண்ணு” என்றார்.

சத்திரக்குடி தாண்டும்போது தூங்கிப்போனார். நாற்றுக் கட்டு மடியில் இருந்தது. சாக்கு ஈரம் சேலையில் இறங்கியிருந்தது. எடுத்துக் கீழே வைக்கலாம் என்று பார்த்தேன், கை விடவில்லை.